டேக் மாட்டும் பலகை

என் மகள் போச்சம்பள்ளியில் வேலை பார்க்கிறாள். தெருமுனையில் கம்பெனி பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டால், கொஞ்ச நேரத்தில் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளே வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். முதலில் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைக் கழற்றிக் கதவோரம் இருக்கும் ஆணியில் மாட்டுவாள். அட்டை சுவரில் பட்டு மெல்லிதாக ஒரு சத்தம் எழும். அதற்கப்புறம்தான் அவள் என் மகள். அதுவரை கம்பெனியின் ஆள்.

நேற்று அதை மாட்டும்போது, "இன்னும் கொஞ்ச நாளுதாம்பா இந்த டேக்கு. மொகத்த காட்டுனாவே கேட்டு தொறக்கற மாதிரி மெஷின் வெக்கறாங்க" என்றாள். நல்லதுதானே என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். என் மனசு ஓசூரில், ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கதவுக் கொட்டகைக்குப் போய்விட்டது.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வாசனை உண்டு. மழை நாளில் ஈரப் பாய், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் எண்ணெய், அங்கே வருகிறவர்களுக்கு ரூத் அக்கா போடும் சுக்குக் காபி மூன்றும் கலந்து வரும். எண்ணெய் வாசனை யாரும் கொண்டுவந்து ஊற்றியதல்ல. ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறவர்களின் சட்டையில் வரும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பிரஸ் ஷாப்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக் காய்ந்த கிராமத்திலிருந்து வந்தவன். ஐடிஐ முடித்துவிட்டு, ஒரு பையோடு, ஸ்வெட்டர் என்ற ஒன்று உலகத்தில் எதற்கு இருக்கிறது என்று தெரியாமல் ஓசூரில் வந்து இறங்கினேன். முதல் வாரம் முழுக்கப் பல் தந்தியடித்தது. கான்ட்ராக்டர் மூலம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வரிசை வீடுகளில் ஒரு ரூம். அதில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆட்கள் உண்டு. ஒருவன் எழுந்து போனால் அந்தப் பாயிலேயே இன்னொருவன் வந்து படுப்பான். பாய் ஆறிப்போய் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அப்போதெல்லாம் படுத்தால் கட்டை மாதிரி தூங்குவேன். அதைத்தான் பிறகு இழந்தேன்.

பவர் பிரஸ்ஸில் தகடு வைத்து எடுக்கிற வேலை. தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், இரண்டு பொத்தானையும் அழுத்த வேண்டும், மெஷின் ஒருமுறை இறங்கி ஏறும். ஒரு நாள் ஏறிய மெஷின் நான் அழுத்தாமலே மறுபடி இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. இதற்கு மேல் அதை விவரிக்க எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குக் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அதைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "டேக்க குடுத்துருப்பா. கேட்ல ஒப்படைக்கணுமாம்" என்றார். கட்டுப் போட்ட கையால் கழற்ற முடியவில்லை. அவரே குனிந்து, என் தலையை மெல்லத் தூக்கி, மாலையைக் கழற்றுவதுபோல் கழற்றிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் விரல் போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

அதன் பிறகு தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மெஷின் இறங்கும். உடம்பு தூக்கிப்போடும். பக்கத்தில் படுத்திருப்பவன், பாவம், ஷிஃப்ட் முடிந்து வந்தவன், திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் நானே ரூமில் படுப்பதை விட்டுவிட்டேன். பகலெல்லாம் நடப்பேன். கையைச் சுற்றி ஒரு துண்டு, ஏதோ சாமான் கொண்டுபோகிறவன்போல. அந்தத் துண்டை யார் முன்னாலும் அவிழ்த்ததில்லை. ஊருக்கும் போக முடியவில்லை. போனால் அம்மா அந்தக் கையைப் பார்ப்பாள். இங்கே இருந்து என்ன செய்ய என்றும் தெரியவில்லை. ரயில் பாதைப் பக்கமாக நடந்த நாட்களும் இருந்தன. எதற்கு என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அப்படி நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலுக்கு ஒதுங்கினேன். அந்தக் கொட்டகையின் கூரை ஓரம். உள்ளே பாட்டு. ஒரே மெட்டைத் தமிழ்க்காரர்கள் தமிழிலும், தெலுங்குக்காரர்கள் தெலுங்கிலும், கன்னடக்காரர்கள் கன்னடத்திலும் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் ஒன்றாக முடிக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகும் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. நான் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளை, ஜெபக்கூடம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் போய் அதே இடத்தில் நின்றேன்.

ஜெபம் நடத்தியவர் தானியேல் அண்ணன். வாரம் முழுக்கக் கம்பெனி பஸ் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் சில நாள் டிரிப் அடிக்க வேண்டி வரும். அப்போது சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டில் நின்றுவிட்டால் கூட்டம் தாமதமாகும். "யானைக்கு ஷிஃப்ட் கெடையாதுங்க, அதுக்கு எப்ப தோணுதோ அப்பத்தான் நகரும்" என்று சொல்லிக்கொண்டே காக்கிச் சட்டைக்கு மேல் வெள்ளைச் சட்டையை மாட்டுவார். ரூத் அக்கா அவர் மனைவி. கேன்டீனில் வேலை. பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம்.

கொட்டகைக்குள் போகிற எல்லோரும் ஒரு காரியம் செய்தார்கள். வாசலில் பேக்கிங் கட்டையால் ஆன ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொருவரும் கழுத்திலிருந்து டேக்கைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். நீல நாடா, சிவப்பு நாடா, பச்சை நாடா. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி கேட்டில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். டேக் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

சிரிக்காதீர்கள். வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கேட்டில் டேக்கை மறந்து வந்து, தெரிந்த செக்யூரிட்டியே தெரியாதவர்போல் பார்க்க, அரை நாள் வெளியில் நின்றவர்களுக்கு அப்படித் தெரியாது. எனக்கு அதில் கோபம்கூட வரவில்லை. கடவுளுக்கும் ஒரு கேட் இருக்கும், என்னிடம் டேக் இல்லை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். வாரா வாரம் கூரை ஓரத்தில் நின்று அங்கிருந்தே பேரம் பேசினேன். விரலைக் கொடு. வேலையைக் கொடு. அந்த டேக்கையாவது திருப்பிக் கொடு.

ரூத் அக்கா ஒவ்வொரு வாரமும் ஒரு டம்ளர் சுக்குக் காபி கொண்டுவந்து வெளியிலேயே கொடுத்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு நாள் மழை வலுத்து, சாரல் என்மேல் நேராக அடித்தது. அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஏன் தம்பி, நனைஞ்சிக்கினு நிக்கறியே. உள்ள வந்தா உங்க வீட்ல ஏதாச்சும் சொல்லுவாங்களா? அதனாலதான் நான் கூப்டாம இருந்தேன்."

"இல்லக்கா, எங்கிட்ட டேக் இல்ல."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அய்யோ தேவுடா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கா இத்தன வாரமா வெளிய நின்ன? அது உள்ள விடறதுக்கு இல்ல தம்பி, எறக்கி வெக்கறதுக்கு. மொதல்ல டேக்கோடவே உள்ள வந்தப்ப பெர்மனென்ட் ஆளுங்க முன்னாடி ஒக்காந்தாங்க, கான்ட்ராக்ட் ஆளுங்க தானாவே பின்னாடி போனாங்க. அண்ணனுக்கு மனசு ஆவல. அந்தப் பலகைய அடிச்சு வெச்சாரு. இங்க யாரும் எந்தக் கம்பெனியும் இல்ல, எறக்கி வெச்சிட்டு வாங்கன்னாரு."

பிறகு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, "உங்கிட்ட என்ன இருக்குதோ அத மாட்டிட்டு உள்ள வா" என்றார்.

என்னிடம் என்ன இருந்தது? உடுத்தியிருந்த சட்டை, பேன்ட். கையைச் சுற்றி அந்தத் துண்டு. அக்கா உள்ளே போய்விட்டார். நல்லவேளை, போய்விட்டார். இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்து, துண்டைக் கடைசி ஆணியில் மாட்டினேன். கையில் குளிர்காற்று பட்டது. அத்தனை நாளில் முதல்முறையாக.

உள்ளே ஒரு பெரிய உடம்புக்காரர் நகர்ந்து பாயில் இடம் விட்டார். ஜெபத்துக்கு எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். எனக்கு அது தெரியாது. அவர் என் வலது கையை எடுத்து, மீதியிருந்ததை, சாதாரணக் கையைப் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டார். கட்டு மாற்றிய நர்ஸைத் தவிர வேறு யாரும் தொடாத கை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடினேன். பேரம் பேச ஒன்றும் தோன்றவில்லை. "இனிமே நீயே பாத்துக்கய்யா, என்னால ஆவல" என்று உதட்டுக்குள் சொன்னேன். சபையில் இதை ஒப்புக்கொடுத்தல் என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது வெறும் களைப்பு என்றுதான் நினைத்தேன்.

மெஷின் இறங்கவில்லை.

நான் கண் விழித்தபோது தானியேல் அண்ணன் சாயங்காலக் கூட்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். முதல் கூட்டம் முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்து, என்னைச் சுற்றி உட்கார்ந்து, மூன்று மொழியிலும் பாடி முடித்திருந்தார்கள். என்மேல் யாருடையதோ ஸ்வெட்டர். "மெதுவா பாடுங்கன்னு சொன்னேன், எவனும் கேக்கல. நீயும் எந்திரிக்கல" என்றார் ரூத் அக்கா. வெட்கமாக இருந்தது. அதைவிட, பசித்தது. பல மாதமாக வராத பசி.

அந்த வாரமே ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பற்றியும், கொட்டகையைப் பற்றியும். அம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எந்தச் சாமியோ, ஒன்னயத் தூங்க வச்சிருச்சுல்ல. அது போதும்யா" என்றாள். கடைசிவரை அவள் குலசாமியை விடவில்லை. நான் ஞானஸ்நானம் எடுத்ததிலும் குறை சொல்லவில்லை. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஆற்றில் கொடுத்தார்கள். கழிவுநீர் கலந்து ஆற்றில் நுரை மிதக்கும். தானியேல் அண்ணன் கையால் அதை விலக்கிவிட்டு என்னை முக்கி எடுத்தார். தலையில் நுரையோடு எழுந்து வந்தவனைப் பார்த்து, கரையில் நின்ற ரூத் அக்கா, "சோப்பும் போட்டாச்சு" என்றார்.

விசுவாசம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. விரல் முளைக்கவில்லை. மார்கழிக் குளிரில் இல்லாத விரல்கள் இன்றும் வலிக்கும். சில நாள் பழைய கோபமும் வந்து பக்கத்தில் உட்காரும். இடது கையால் எழுதப் பழகி ஒரு சின்னப் பட்டறையில் டூல்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். சோற்றுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் எதற்காக இருக்கிறேன் என்பது வேறிடத்தில் தெரிந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கத் தானியேல் அண்ணன் என்னையும் கூட்டிப்போனார். பிளாஸ்டிக் கம்பெனியில் அடிபட்டவர். கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அண்ணன் என்ன பேசியும் திரும்பவில்லை. எனக்குப் பேச வராது. கட்டிலோரம் உட்கார்ந்து என் வலது கையைப் போர்வைமேல் வைத்தேன். நெடுநேரம் கழித்து அவர் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு தன் கையை வெளியே எடுத்தார். கடவுள் என்னை ஏன் மிச்சம் வைத்தார் என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அன்றோடு நின்றது. இன்றுவரை, எங்கே யாருக்கு அடிபட்டது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுகிறேன். ஜெபம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஜெபம், வேண்டாம் என்கிறவர்களுக்குச் சும்மா பக்கத்தில் ஒரு ஆள்.

மகளிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். பாதி அவளுக்குத் தெரியும், பலகையின் கதை தெரியாது. அந்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கிற ஷெட் என்றேன். இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் அங்கே போவதற்குள் எல்லாவற்றையும் வாரிப் போட்டிருந்தார்கள். தானியேல் அண்ணன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ரூத் அக்காவும் அவருக்குப் பின்னால் ரொம்ப நாள் இருக்கவில்லை.

"அந்தத் துண்டு என்னப்பா ஆச்சு?"

"அன்னைக்கு மாட்டுனதுதான். திருப்பி எடுக்கவே இல்ல. அப்பறம் எத்தனையோ வருஷம் அந்தக் கடைசி ஆணிலயே தொங்கிச்சு. அக்கா தொவச்சு தொவச்சு மறுபடியும் அங்கயே மாட்டும். பலகையோட போயிருக்கும்."

"என்ன கலரு?"

வாயைத் திறந்தேன். சுருட்டிய விதம் தெரிகிறது, பல்லில் பட்ட முடிச்சு தெரிகிறது, ஆணிகூடத் தெரிகிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் எத்தனையோ மாதம் செத்தவன்போல அலைந்தேன். எவ்வளவு யோசித்தும் அந்தத் துண்டின் நிறம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.