எர்த் வயருக்கு அடியில் பெயிண்ட்

செட்டியார்பட்டியில் எங்கள் தெருவில் யாருக்காவது இடுப்பு வலி எடுத்தால், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதற்கு முன்னால் சங்கரலிங்கம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். பாம்புக்கடியோ பிரசவமோ, கட்டிய கைலியோடு வந்து வண்டியை எடுத்துவிடுவார். நன்றி சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

போன தை மாதம் அந்த வண்டிக்கு ஆசை ஆசையாகப் பெயிண்ட் அடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "பானெட்டுக்குள்ளயும் ஒரு இடம் விட்டுறாதலே" என்று பெயிண்டரின் உயிரை வாங்கினார். அவனும் நட்டு போல்ட்டு வரைக்கும் கழற்றி, அடித்து, மாட்டிக் கொடுத்தான். வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. ஆனால் நாளுக்கு நாள் முக்கி முனகித்தான் கிளம்பியது. பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மாசியில் பட்டப்பகலில் எதிர்வீட்டு வெங்கடேஸ்வரிக்கு வலி வந்தது. பின்சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது, அவ்வளவுதான். மறுபடியும் 'டக்'. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி ஆட்டோவில் போனாள். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அன்றோடு அவர் கதவை யாரும் தட்டவில்லை. எங்கள் தெருவுக்கு வாய் கொஞ்சம் நீளம். 'பொம்மைக் கார்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜபாளையத்திலிருந்து எலக்ட்ரீஷியன் பால்ச்சாமி வந்தார். லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் ஊரைக் கூட்டியது. அப்படியென்றால் பேட்டரியில் கோளாறில்லை, ஸ்டார்ட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதை மாற்றினார். அப்போதும் 'டக்'. எரிச்சலில், டேஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சோக் கம்பியைத் தொட்டவர் கையை உதறினார். சுட்டுவிட்டது.

"அண்ணாச்சி, ஸ்டார்ட்டருக்குப் போற கரண்ட் வண்டி பாடி வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பணும்லா? இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. இந்த எர்த் வயர்தான் அதைப் பாடியோட சேக்குது. வயருக்கு அடியில பெயிண்ட் அடிச்சு வழிய அடைச்சுட்டாங்க. அம்புட்டு கரண்டும் இந்த ஒல்லிக் கம்பில போகப் பாக்குது."

"பெயிண்டைச் சுரண்டணுமா?"

"தகரம் தெரியற வரைக்கும்."

சங்கரலிங்கம் உப்புத்தாளை வாங்கித் தானே தேய்த்தார். கண் கலங்கியிருந்தது. பெயிண்டுக்காகவா, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்காகவா, எனக்குத் தெரியாது. வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

கிளம்பி என்ன செய்ய? யாரும் வரவில்லை. தினமும் காலையில் தெருவுக்கே கேட்கும்படி வண்டியை உறுமவிட்டு அணைப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

வைகாசியில் ஒரு மத்தியானம் வெங்கடேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் உடம்பு அனலாகக் கொதித்தது. தெருமுனையில் ஆட்டோக்கள் சும்மாதான் நின்றன.

"மாமா, பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போணும்."

அவர் தடுமாறிப் போனார். "செத்த நேரம் இரும்மா. மொதல்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுதேன். பொறவு ஏறு."

உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள், அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியிருந்தாள்.