அக்கா அழித்த படங்கள்

அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும், சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குள் புகுந்துகொள்ளும். இருட்டிவிட்டதென்று தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரியும். இது அவள் தங்கை வாலுவின் கணக்கு.

அக்காவின் கணக்கு வேறு. கல்லூரி இரண்டாம் ஆண்டுக்காரி அவள். தன் படத்தை இணையத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐம்பது லைக் வரவில்லையா, அழித்துவிடுவாள். தோழிகளுக்கு முந்நூறு விழும். இவளுக்கு முப்பத்தொன்று, அதில் ஒன்று வாலு, இன்னொன்று அப்பா, அதுவும் கை தவறிப் பட்டது. போகப் போக, வகுப்பில் குரூப் போட்டோ என்றால், "நானே எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொண்டு தப்பித்தாள். வீட்டுக் கண்ணாடி மேல் துண்டு தொங்கியது.

இப்போது பரீட்சை விண்ணப்பத்தில் புதுப் படம் ஒட்டியாக வேண்டும். இன்று ஐந்து மணிதான் கெடு.

"பழைய படத்தையே ஒட்டிக்கிறேன்டி."

"அது எட்டாம் கிளாஸ்ல எடுத்ததுக்கா. அதுல நான் மீசை வேற வரைஞ்சு வெச்சிருக்கேன்."

பத்தாம் வகுப்போடு படிப்புக்கு டாட்டா காட்டிய வாலு, கடைத்தெரு முனையிலுள்ள போட்டோக் கடையில் வேலை செய்கிறாள். "நீ பாக்கவே வேணாம், கவர்ல போட்டு ஒட்டியே தரேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி அக்காவை இழுத்துப் போனாள்.

கடை வாசலில், மாதிரிப் படங்கள் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் பதினோரு அக்காக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி! இதெல்லாம் நான் அழிச்சதாச்சே!"

"ஒரு மணி நேரம் டைம் குடுப்பியே, அதுக்குள்ள எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"கழட்டுடி மொதல்ல!"

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் இன்ச் டேப் தொங்க ஒரு பெண்மணி அங்கே வந்தார். "பாப்பா, பெட்டியில இருக்கே ஒரு பொண்ணு, அது மாதிரி என்னையும் லட்சணமா எடுத்துக் குடும்மா" என்றார். திரும்பி, "ஐயோ, அது நீதானாம்மா?" என்று கன்னத்தில் கை வைத்தார். அப்புறம் வருகிறேன் என்று அவசரமாகப் போய்விட்டார்.

அக்கா வாலுவை முறைத்தாள். பெட்டியைத் திறந்து முதல் படத்தைத் தானே பிடுங்கினாள். வெயிலில் அது சாயம் போய் நீலம் பாரித்திருந்தது. படம் இருந்த இடத்தில் மட்டும் பின்னாலிருந்த துணி வெளுக்காமல், கட்டம் கட்டியது போல் கருஞ்சிவப்பாக இருந்தது.

"எப்பலேர்ந்துடி இருக்கு இது?"

"போன வருஷத்துலேர்ந்து. கடைக்கு சாம்பிள் வேணும்ல."

"வேற மூஞ்சியே கிடைக்கலயா உனக்கு?"

வாலு கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "கிடைச்சுது. வைக்க மனசு வரல."

அக்கா படத்தை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடு. மணி நாலாச்சு."

சொன்னபடியே வாலு கவரை ஒட்டிக் கொடுத்தாள். வாசல்படியில் நின்று அக்கா அதைப் பிரித்தாள். பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"சுமார்தான்" என்று பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "எதிர்க்கடை டெய்லர் அக்காவ, அடுத்த தடவ நடிக்க வரும்போது இன்ச் டேப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு."