ஆறாவது பாட்டு

பேக்கரியில், ஜவுளிக்கடையில், கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்று சொல்லித் திரிவது என் வேலை. "காசு குடுத்து வாங்குன பாட்டுத்தானுங்களே?" என்று கேட்காத கடைக்காரர் கோயமுத்தூரில் இல்லை. வீட்டில் கேட்பது வேறு, கடையில் போடுவது வேறு என்று தினமும் பத்துப் பேரிடம் ஒப்பித்து எனக்கே சலித்துவிட்டது.

வேலைக்கு ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து ஒரு டீ சொல்லி, ஒலிக்கும் பாட்டுகளை நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து பாட்டு ஆனதும் எழுந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். போன மாசி மாதம் சிங்காநல்லூர் பேக்கரி ஒன்றில் அப்படித்தான் செய்தேன். ஐந்தும் சினிமாப் பாட்டு. கடைக்காரர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கமான பாடத்தை ஒப்பிக்க, ஆறாவதாக ஓர் அம்மன் பாட்டு தொடங்கியது. நாலைந்து பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பிறகு ஒரு குரல் மட்டும் தனியாக எழுந்தது.

என் மனைவியின் குரல்.

கல்யாணத்துக்கு முன்பு சோமனூரில் கோயில் பாட்டுக் கேசட் ஒன்றுக்குக் குழுவோடு பாடப் போனவள் அவள். மூன்றாவது சரணத்தில் இரண்டு வரி அவளுக்குத் தனியாகக் கொடுத்தார்கள். அந்தக் கேசட்டை வீடு மாறும்போது தொலைத்தது நான். "போனாப் போகுதுங்க, ரெண்டு வரிதானே" என்றாள். ஒரு நாளும் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டதில்லை நான். எனக்கு அப்படி என்ன அவசரம் இருந்ததோ! அவள் இறந்து மூன்று வருடமாகிறது. வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லி அவள் பேசி அனுப்பியது போனில் இருக்கிறது. பாடியது எதுவும் இல்லை.

என் வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. "சட்டப்படி" என்று நான் சொன்னதும் கடைக்காரர் பதறிப்போய்ப் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார். ஒரு வரிதான் முடிந்திருந்தது.

"நிறுத்திப்போட்டனுங்க சார். தெரியாமப் பண்ணிட்டமுங்க."

திரும்பப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, தப்பு என்று இப்போதுதான் சொன்னதை நானே செய்யச் சொல்வதா என்று வீம்பு வந்துவிட்டது. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். உழவர் சந்தை தாண்டுவதற்குள் அழுகை முட்டியது.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

"வாங்க சார், வாங்க. நீங்க நாளைக்கு வாரேன்னு சொன்னீங்கல்லங்க, அதான் நேத்தே மருமகன்கிட்டக் குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டமுங்க. ஒத்தப் பாட்டுக்கூட இல்லீங்க. நீங்களே பாத்துக்குங்க." பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த அம்மன் பாட்டு எங்க கெடச்சுதுங்க?"

"யாரோ ஏத்திக் குடுத்ததுங்க. வருசம் ஆச்சு. அதுக்கும் தனியாக் கேஸுங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. பெரிய மனிதருக்குத் தருவது போல டீயோடு தேங்காய் பன்னும் வைத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை பாவம். அவரிடம் கோபப்பட எனக்கு வழியே இல்லை.

"தொந்தரவில்லீனு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றார்.

பையிலிருந்து தாளை எடுத்தேன். நேரில் வந்து பார்த்தேன், இந்தக் கடையில் இப்போது பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.