அண்ணி வானத்துக்குக் கொண்டுபோன சண்டை

“இந்தச் சண்டை பூமியில நடக்கல” என்று அண்ணி சொன்னதும், களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் அண்ணாந்து பார்த்தோம். நல்ல வெயில். ஒரே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. வேர்க்கடலை என்று பட்டணத்தில் சொல்வதை நாங்கள் மல்லாட்டை என்போம். விதைக்கு வைத்த மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும், தடியால் அடித்தால் பருப்பு பிளந்துபோகும். விரல் நோகும் வேலை. கதை இருந்தால்தான் பொழுது நகரும்.

பாகூர் பக்கத்தில் செலியமேட்டில் எங்கள் வீடு. பிரெஞ்சுக்காரன் ஆட்சி, உலக யுத்தம் நடந்த காலம். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் பேர் கொடுத்துக் கப்பல் ஏறிவிட்டான். எந்த நாட்டுக்குப் போனான், இருக்கிறானா இல்லையா, ஒரு தகவலும் கிடையாது. அண்ணி புதுச்சேரியில் கன்னிமார் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். களத்துப் பெண்கள் அவளிடம், “சண்டைக் கதை சொல்லேன்” என்று நச்சரித்தார்கள். எப்படிச் சொல்வாள்? ஜெர்மனிக்காரன், ஜப்பான்காரன் என்று பேச்செடுத்தாலே அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். அதனால்தான் அண்ணி சண்டையைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போனாள்.

எங்கேயோ ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு லோகம். அங்கே மனுஷர் கிடையாது. நண்டு மாதிரி முதுகில் ஓடு உள்ள ஒரு ஜாதி, தும்பி மாதிரி சிறகு உள்ள இன்னொரு ஜாதி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஏரி. ஓட்டுக்காரர்கள் ஓடு மாற்ற ஆழத் தண்ணீர் வேண்டும். சிறகுக்காரர்கள் முட்டையிட ஏரி வற்றிக் கரை தெரிய வேண்டும். மதகைத் திறந்தால் ஓட்டுக்காரர்கள் சாவார்கள், அடைத்தால் சிறகுக்காரர்கள் சாவார்கள். பாகூர் ஏரித் தண்ணீருக்கு மண்டை உடைத்துக்கொண்ட சனங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? களம் அப்போதே இரண்டு கட்சியாகிவிட்டது.

இரண்டு ராஜாக்களும் தமுக்கடித்தார்கள். “ஓடு இல்லாததெல்லாம் உயிரே இல்லை, கொன்றால் பாவம் இல்லை” என்று இவன். “பறக்கத் தெரியாதது புழு, மிதித்துவிட்டுப் போங்கள்” என்று அவன். எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்த பெண்கள் குவியலுக்கு அந்தப் பக்கம் தனியாகத்தான் உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி தலை நிமிராமலே, “இதுக்கு இன்னாத்துக்கு வானம் வரைக்கும் போவணும்?” என்றாள். அம்மா முறத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “மேல சொல்லுடி” என்று அண்ணியை அவசரப்படுத்தினாள்.

ஓட்டுக்காரர் படையில் ஒரு சின்ன வயசு வீரன். அண்ணி அவனுக்குப் பேர் வைக்கவில்லை. பெண்களே “நம்ம புள்ள” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரை நினைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பிள்ளையிடம் ஒரு குகையைக் காட்டி, கொளுத்திவிட்டு வா என்றார்கள். பொழுது சாய்வதற்குள் புகை எழும்பாவிட்டால் அவன் தலை போகும். உள்ளே போய்ப் பார்த்தான். அத்தனையும் சிறகு முளைக்காத குஞ்சுகள்.

மறுநாள் அண்ணி சொன்னாள்: அவன் கொளுத்தவில்லை, பந்தத்தை அணைத்துவிட்டுத் தன் ஆட்கள் வந்து வெட்டட்டும் என்று குகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அம்மாவின் முறம் பறந்தது. “அடிப்பாவி! எம்புள்ளையக் கொல்றியேடி! வாய்முகூர்த்தம் பலிச்சிட்டா இன்னாடி பண்ணுவ?”

“அத்தே, அத்தினி குஞ்சுங்களையும் எரிச்சுட்டு வந்தா அவரு தூங்குவாரா?”

“தூங்காட்டி போறான்! உசுரோட வூடு வந்தாப் போதும்.”

இரண்டு பேரும் அழுதார்கள். யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாண வயசுப் பெண் நான், அண்ணியோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள். ஆனாலும் அண்ணன் வரட்டும், எப்படியாவது வரட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம் கதை நின்றது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சும் நின்றது. கொல்லையில் எதிர்ப்பட்டால் இவள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். களத்தில் ஓடு உடைபடும் சத்தம் மட்டும்தான். சே, என்ன கொடுமையான நாட்கள்!

ஒரு நாள் காலையில் அம்மா களத்துக்கு வந்து அண்ணி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “அந்தக் குகைக்கு வெளிய சருகு கிடக்குதா?” என்று கேட்டாள்.

அண்ணி திகைத்துப்போய், “கிடக்குதுன்னு வச்சுக்கலாம் அத்தே” என்றாள்.

“வச்சுக்கலாம்னு சொல்லாத. கிடக்குது.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். “மாட்டுக்கு நோவு கண்ட வருசம் கன்னுங்களோட சேத்துக் கொட்டாயக் கொளுத்தச் சொல்லி சர்க்காரு மேரோட ஆளு வந்தானே, நாங்க இன்னா கொட்டாயவா கொளுத்தினோம்? கன்னுங்கள எல்லக்கல்லுக்கு அந்தாண்ட இங்கிலீசுக்காரன் சீமையில எங்க அண்ணன் வூட்டுக்கு ஓட்டிட்டு, வைக்கப்போரக் கொளுத்தினோம். பொகையப் பாத்தான், எழுதிக்கினு போய்ட்டான். நம்ம புள்ளையும் சருகக் கொளுத்தட்டும்டி. மேல இருக்கிறவனுக்குப் பொகை தெரிஞ்சாப் போதும். குகைக்குள்ள எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?”

அண்ணி எழுந்துபோய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெண்கள் “அப்படிப் போடு!” என்று கூவினார்கள். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. “அதுங்க வளந்து நாளைக்கு நம்ம மேலயே வந்து வுழுந்தா?” என்றேன்.

“வரட்டுமே” என்றாள் அம்மா. “ஒருத்தன் கொளுத்தாம வுட்டான்னு அதுங்க ஆத்தாக்காரி சொல்லி வச்சிருக்க மாட்டாளா?”

இன்றைக்கு என் பேரன் டிவியில் வேற்றுக்கிரகத்துப் படங்கள் பார்க்கிறான். கடைசியில் ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள், அந்த ஜாதியே பொசுங்கிப் போகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “அதுங்களுக்குக் குஞ்சு குளுவான் இருக்காதாடா?” என்று கேட்டால், “அது ஏலியன் பாட்டி” என்கிறான். அந்த ராஜாக்களின் தமுக்குச் சத்தம்தான் என் காதில் விழுகிறது. அதற்காக அம்மாவை மகாத்மா ஆக்கிவிட வேண்டாம். வானத்துக் குஞ்சுகளுக்கு வழி கண்டுபிடித்தவள், களத்தில் தனியாக உட்கார்ந்தவர்களை இந்தப் பக்கம் வா என்று கடைசிவரை கூப்பிடவில்லை. அண்ணி கூப்பிட்டாள். அதற்கு வீட்டில் இன்னொரு சண்டை நடந்தது.

அந்தக் களத்துக்கே திரும்பி வருகிறேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அண்ணன் மட்டும் வரவில்லை. அடுத்த விதைப்புக்கு மறுபடி மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தோம். புதிதாக வந்த பெண்கள் அந்தக் கதையைக் கேட்டார்கள். இந்தத் தடவை சொன்னது அம்மா. அவள் சொல்லும்போது ஏரி இன்னும் பெரிசு, ராஜாக்கள் இன்னும் முட்டாள்கள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே உடைத்தாள்.

குகைக் கட்டம் வந்தது. “நம்ம புள்ள எரிக்கல” என்றாள் அம்மா. திடீரென்று ஒருத்தி கையும் ஓடவில்லை. எல்லோர் கண்ணும் அம்மாவின் தலைக்கு மேலே போயிற்று. அண்ணி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பேச்சை நம்பவில்லை என்று நினைத்து அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஆமாண்டி, சருகத்தான் கொளுத்தினான்! யாருக்காச்சும் சந்தேகமா?”

“எனக்கு இல்லம்மா” என்றான், தோள்மூட்டையை இறக்காமல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன்.