நீலக் கோடு ஓடும் மலை

பவளம் தண்ணீருக்குப் பயந்தவள் அல்ல. ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் விடிந்ததிலிருந்து கை ஊற ஊறக் கழுவுகிறவள், தண்ணீருக்குப் பயந்தால் பிழைப்பது எப்படி? அவள் பயந்தது மகன் லவன் தண்ணீரோடு சேருவதற்கு. அவன் பிறந்த கையோடு ஊரில் சாதகம் கணித்த சாத்திரியார், தொலைபேசியில் நல்லதெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபத்தேழு வயது நிறையும் வரைக்கும் பிள்ளைக்கு நீராலை ஒரு கண்டம் இருக்கு, கவனம்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் குளியல் தொட்டி நிரம்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் பாடம் வருகிற நாளெல்லாம் லவனுக்குத் தடிமனும் சளியும் பிடித்தது. மற்றப் பிள்ளைகள் குதித்து விளையாட, அவன் உடுப்போடு கரையோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தான். வகுப்போடு கடற்கரைக்குப் போகிற சுற்றுலாவன்று வயிற்றுவலி வந்தது. வளர்ந்து, மின்வேலை படித்து, வேலைக்கும் போய், தாடியும் விட்டாயிற்று. ஆற்றங்கரையால் சைக்கிளில் வராதே என்று பவளம் சொல்வது மட்டும் நிற்கவில்லை. கண்டத்தின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துச் சிரிப்பார்கள். அவளும் சில வேளை கூடச் சிரிப்பாள். வருகிற பங்குனியில் அவனுக்கு இருபத்தேழு நிறைகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து, மாசியில், ஹார்ஸ் மலைப் பக்கம் பனி கொட்டித் தீர்த்தது.

"வாற சனிக்கிழமை எல்லாரும் மலைக்குப் போறம்," என்றான் லவன். "பனிச்சறுக்கு. பெரிய இடமில்லை அம்மா, சின்ன மலைதான். குழந்தைப் பிள்ளையளும் சறுக்கிற இடம்."

"பங்குனி கழியப் போவமே, தம்பி?"

"பங்குனி கழிஞ்சால் அங்கை புல்லுத்தான் இருக்கும். புல்லிலை சறுக்கவோ? மூண்டு வரியமா அங்கை ஒழுங்கான பனியில்லை. இந்த முறை விட்டால் பிறகில்லை."

பவளம் கை கால் முறிவதைப் பற்றிச் சொன்னாள், குளிரைப் பற்றிச் சொன்னாள். உண்மையான பயத்தை மட்டும் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் சிரிப்பார்கள். சிரித்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து, சமையற்கட்டுப் பின்வாசலில் நின்று கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். பனி நீரிலை சேருமோ, நிலத்திலை சேருமோ?"

"என்ன பிள்ளை கேள்வி இது? உருகினால் தண்ணிதானே."

"உருகாட்டில்?"

ஐயர் யோசித்தார். பின்னால் யாரோ மணி அடிக்கும் சத்தம் கேட்டது. "எதுக்கும் பிள்ளையாருக்கு ஒரு அருச்சனை செய்விச்சுப்போட்டுக் கவனமாப் போயிட்டு வாங்கோ."

கவனம் என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. சாத்திரியாரும் அதே சொல்லைத்தான் சொன்னவர்.

செவ்வாய் பின்னேரம் அவள் குசினி மேசையைத் துடைக்கும்போது லவனின் கடிதக் கட்டிலிருந்து மடித்த தாள் ஒன்று நழுவி விழுந்தது. விரித்தாள். அந்த மலையின் படம். வெள்ளை மலை, பச்சைக் காடு, நடுவில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்குகிற நீலக் கோடுகள். பவளம் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். ஆறுகள். ஒன்றல்ல, மலை முழுக்க. ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ விளக்கம் இருந்தது. கண்ணாடி படுக்கையறையில் கிடந்தது. எடுத்து வரப் பொறுமையில்லை. மேலே பனி மூடியிருக்கும், கீழே ஆறு ஓடும், பிள்ளை தெரியாமல் சறுக்கிக்கொண்டு போய் அதன் மேல் நிற்பான். விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அது வளைந்து வளைந்து வந்து, ஒரு நீல வட்டத்தை உரசிக்கொண்டு போனது. விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

லவன் வந்தபோது தேநீர் ஊற்றியிருந்தது. வழக்கமான செவ்வாய்க்கிழமை போலத் தலை ஈரமாக வந்தான். வேலையிடத்தில் தூசி, அங்கேயே குளித்துவிட்டு வருகிறானாம். இந்தக் குளிருக்குள் ஈரத்தலையோடு வராதே என்று மாரி தொடங்கியதிலிருந்து அவள்தான் ஒவ்வொரு செவ்வாயும் திட்டித் திட்டித் துவட்டிவிடுவாள். இன்று துவாய் கதிரையில் கிடந்தது. அவள் படத்தை அவன் முன்னால் தள்ளினாள்.

"இந்த ஆறுகளைப் பற்றி எனக்குச் சொல்லேல்லை."

"எந்த ஆறு?"

மகள் கம்சனா எட்டிப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தாள். "ஐயோ அம்மா! அது ஆறில்லை. சறுக்கிற பாதை. நீலமெண்டால் சுகமான பாதை. சிவப்புக் கொஞ்சம் கஷ்டம். கறுப்பிலை போனால் எலும்பு முறியும்."

"அப்ப தம்பி கறுப்பிலை போகட்டும். எலும்பெண்டால் ஒட்டலாம்."

மூலையில் இருந்த அவள் கணவன் ஸ்ரீதரனுக்குத் தேநீர் புரையேறியது.

"அம்மா, அந்தச் சாத்திரியார் ஹனோவர் நேரத்தை ஊர் நேரமெண்டு வைச்சுக் கணிச்சவர்," என்றாள் கம்சனா. "அது அண்ணான்ரை கண்டமே இல்லை. ஊரிலை வேறை ஆரோ பிள்ளையின்ரை கண்டம்."

"அப்ப அந்தப் பிள்ளையையும் தண்ணிப் பக்கம் விடவேண்டாமெண்டு ஆரும் சொல்லுங்கோ." பவளம் சிரிக்கவில்லை. வட்டத்தில் விரலை வைத்தாள். "இது என்ன? இதுவும் பாதையோ?"

கம்சனா அண்ணனைப் பார்த்தாள். லவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அது குளம்தான் அம்மா. பனி காணாட்டில் அந்தத் தண்ணியை இயந்திரத்தாலை வீசிப் பனியாக்கிறவை."

"அப்ப நீ சறுக்கப் போறது குளத்துத் தண்ணிக்கு மேலை!"

"சுத்தி வேலி இருக்கு."

"வேலி பனிக்குள்ளை புதைஞ்சு கிடந்தால்? நீ வழுக்கிக்கொண்டு வந்து நிக்கேலாமல் விழுந்தால்? மேலை ஐஸ் எண்டு நினைப்பாய், அது உடையும்." குரல் அவளை விட்டு எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு நீந்தத் தெரியாது, தம்பி! நான் பழக விடேல்லை. தெரியாது உனக்கு!"

"தெரியும் அம்மா."

ஸ்ரீதரன் கோப்பைக்குள் குனிந்து எதையோ தேடினார்.

"ஐப்பசியிலையிருந்து நீந்தப் பழகிறன். செவ்வாய்க்கிழமையிலை. இண்டைக்கும் போனனான்."

பவளம் அவனுடைய தலையைப் பார்த்தாள். காதோரத்தால் ஒரு சொட்டு இறங்கிக் கழுத்துப்பட்டிக்குள் போனது. மாரி முழுக்கத் தன் கையால் துவட்டிய தலை. சவர்க்காரம் என்று அவள் நினைத்திருந்த நீச்சல் குளத்துக் குளோரின் மணம் இப்போதும் அடித்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு ஆழம்?"

"முதல் நெஞ்சளவு. இப்ப நிலத்திலை கால் முட்டாது."

கால் முட்டாது. அவன் கால் முட்டாத தண்ணீரில் கிடந்தபோதெல்லாம், அவள் இந்தக் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு, தங்கச்சியோடு தொலைபேசியில் சீலைக்கதை கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு செவ்வாய்கூட நெஞ்சு பதறவில்லை. தாய்க்கு எப்படியும் உள்மனம் சொல்லும் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குளத்தைவிட அதுதான் இப்போது அவளைக் கூடப் பயப்படுத்தியது.

"இஞ்சருங்கோ," என்றாள் கணவனிடம் திரும்பி. "உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் நாள் கொண்டுபோய் விட்டது நான்தான்," என்றார் ஸ்ரீதரன், கோப்பையைப் பார்த்தபடியே.

"நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. உங்களைப் பிறகு பாக்கிறன்."

"ஏசுங்கோ அம்மா," என்றான் லவன். "ஆனால் சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?"

"விட்டிருக்கமாட்டன்."

அவள் எழுந்து துவாயை எடுத்தாள். அவனுக்குப் பின்னால் போய் நின்று, வழக்கத்தைவிட அழுத்தித் துவட்டினாள். தலை முன்னும் பின்னும் ஆடியது. கை நடுங்கியது. துவாய்க்குள் அது ஒருவருக்கும் தெரியாது.

"நோகுது அம்மா."

"நோகட்டும். கம்சனா, உன்ரை பழைய பனிச்சப்பாத்து எனக்கு அளவோ எண்டு பார்."

"நீங்களும் சறுக்கப் போறியளோ?" என்றாள் கம்சனா.

"நான் ஏன் சறுக்கிறன்? நான் அந்த வேலிக்குப் பக்கத்திலை நிப்பன்." ஈரத் துவாயை அவன் தோளில் போட்டுவிட்டு, படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா, தம்பி. கார் விடுற இடத்திலையிருந்து இந்தக் குளத்துக்கு எந்தப் பக்கத்தாலை நடக்கிறதெண்டு காட்டு."