மேசையில் அமர்ந்தே உண்ணவும்

மலாயாவில், கெடா மாநிலத்துக் கோத்தா கோலா மூடாவின் கடலோரப் பூங்காவுக்கு நான் மேனேஜராக இருந்தேன் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆறு பெஞ்சு, ஒரு வரிசைச் சவுக்கு மரம், துணி மாற்ற ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், பாயின் சாப்பாட்டுக் கடை. இவ்வளவுக்கும் நான்தான் ராஜா. அதற்கு முன் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுத்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்த சின்னக் கிராணிக்கு, காலையில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கடற்காற்றில் நடப்பது பெரிய சுகமாக இருந்தது.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று எங்கும் கட்டுப்பாடு. அரிசியோ சோறோ யாரும் கையில் கொண்டு போகக் கூடாது. பாய் மட்டும் பர்மிட்டோடு சோறு வடிப்பார். அதையும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அந்த விதியைத் தமிழில் எழுதிப் பலகையில் மாட்டியவன் நான். 'சோற்றை மேசையில் அமர்ந்தே உண்ணவும்.' எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஓர் ஆடி அமாவாசைக் காலையில் பால்வெட்டுக்காரர் ஒருவர் வந்து, காலித் தூக்குச்சட்டியை என் முன்னால் திறந்து காட்டினார். கண் கலங்கியிருந்தது.

"வழியில சோதனை போட்டு சோத்தைக் கொட்டிட்டானுங்க சார். எள்ளு மட்டும் துண்டுல முடிஞ்சு வச்சிருந்தேன், அது தப்பிச்சிருச்சு."

அவருடைய அப்பாவை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் சியாம் ரயில் பாதை போடக் கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் மகன் மூன்று சோற்று உருண்டையைக் கடலில் விடுவார்.

"ஒரு வருசங்கூட விட்டதில்ல சார். இந்த வருசம் எங்கப்பா பட்டினி கிடக்கணுமா?"

பாய் கடைச் சோற்றைக் கடல்வரை கொண்டு போனால் பாயின் பர்மிட்டும் போகும், என் வேலையும் போகும். முடியாது என்று பலகையைக் காட்டினேன். காட்டிய கையோடு என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "மேசையில உக்காந்து சாப்பிடணும்னுதானே போட்டிருக்கு? மேசை எங்க கிடக்கணும்னு போடலியே சார்?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, நீங்க எழுதுன தமிழுதானே! வாங்க, ஒரு பக்கம் புடிங்க லா."

மேசையைத் தூக்கிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் போட்டோம். பக்கத்தில் ஒரு முக்காலி. பாய் தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தார். பால்வெட்டுக்காரர் அலையில் ஆடும் முக்காலியில் உட்கார்ந்து எள்ளைக் கலந்து உருண்டை பிடித்தார். அதுவரை எனக்கும் சிரிப்புத்தான். "அப்பா, வந்து சாப்பிடுங்கப்பா" என்று அவர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டபோது நான் கழுத்து விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மதியம் ரோந்து வர வேண்டிய மலாய்ப் போலீஸ்காரர் அன்றைக்கென்று சீக்கிரமே வந்து நின்றார். கடலுக்குள் மேசை, மேசைமேல் காலித் தட்டு. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"யார் சாப்பிட்டது?" என்று மலாயில் கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். மேனேஜர் நான்தானே. "இவருடைய அப்பா. மேசையில்தான் சாப்பிட்டார்" என்றேன்.

"அவருடைய அடையாள அட்டை எங்கே?"

"அட்டை கொடுப்பதற்கு முன்பே சியாம் ரயிலுக்குப் போய்விட்டார். இன்னும் வரவில்லை."

அவரும் கெடாக்காரர்தான்; அவர்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு, "தண்ணீர் ஏறுகிறது, மேசையைத் தூக்குங்கள்" என்று சொல்லி, பூட்ஸோடு இறங்கி வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தார்.