தண்ணீர் ஊற்றிய சூரல்

கருங்கல் சந்தையில் நாற்காலி பின்னுகிறவர் நனைத்துப் போட்டிருந்த சூரல் பிரம்பின் வாசனை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடிந்துபோன எங்கள் ஓலைப் பள்ளிக்கூடமும், அதில் ஐந்தாம் வகுப்புக்குப் புதிய அரசியல் சட்டம் நடத்திய சாரும், உள்ளங்கை எரிய எரிய நாங்கள் ஒப்பித்த வரிகளும் திரும்பி வந்தன.

ஒரு சொல் தவறினால் ஓர் அடி. தோல் பிய்ந்து ரத்தம் கசியும். எங்களோடு படித்த பொன்னியை மட்டும் அப்படி அடிக்க மாட்டார். அவள் சாதியைச் சூரலால் தொட்டாலும் தீட்டு என்று, தூரத்தில் நின்று அதை அவள்மேல் வீசி எறிவார். விழுந்த சூரல்மேல் தண்ணீர் ஊற்றி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதைப் பெருமையாகத்தான் செய்தேன்.

ஒருநாள் அவளுக்கு ஒப்பிக்க வந்தது, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்னும் பிரிவு. பாதியில் திக்கினாள். பறந்து வந்த சூரல் அவள் புருவத்தைக் கிழித்தது. நான் செம்போடு ஓடுவதற்குள் அவளே அதை எடுத்து, ரத்தம் கன்னத்தில் வடிய, சார் முன்னால் போய் நீட்டினாள்.

"பாடம் வரல்லேல்லா சாரே? எல்லாரையும் போல எனக்கும் கையில அடிங்க."

சார் பின்வாங்கிக் கரும்பலகையில் முட்டினார். "ஏட்டி, கீழ போடு!"

அவள் போடவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

நான் செம்பைச் சரித்து, அவள் நீட்டியிருந்த சூரலின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுமுனையைப் பிடித்து இழுத்தேன்.